எட்டோஷா: வேட்டை நிலம் காப்பகமான வரலாறு

ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டிக் கிடக்கும் நமீபியாவுக்குச் செல்லும் சஃபாரிக் குழுக்களின் பயணத்திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே அமைந்திருக்கிறது. தலைநகர் விண்ட்ஹூக்கில் புறப்படும் வண்டி முதலில் நமீபுப் பாலைவனத்தின் செம்மணற் குன்றுகளுக்கும், பிறகு ட்வைஃபல்ஃபொன்டேன் பாறைச் செதுக்கல்களுக்கும், அங்கிருந்து செம்மண் பூசிய ஹிம்பா பெண்களின் குடியிருப்பொன்றுக்கும் சென்று, இறுதியில் எட்டோஷா தேசியப் பூங்காவின் நீர்நிலைக் கரையில் யானைகளையும் சிங்கங்களையும் காட்டிவிட்டுத் திரும்புகிறது. பாலை ஓரிடம், பழங்குடி ஓரிடம், விலங்கு ஓரிடம் என்று பயணி காணும் இந்தப் பிரிவினை அந்த நிலத்தின் இயல்பில் இருந்ததன்று; ஏறத்தாழ 80 ஆண்டுக் காலத்தில், கால்நடை நோய்த் தடுப்பு, வேட்டைக் கட்டுப்பாடு, இனவாரி நிலப்பங்கீடு எனத் தம்முள் தொடர்பற்ற காரணங்களுக்காக ஜெர்மானிய, தென்னாப்பிரிக்க ஆட்சிகள் எடுத்த முடிவுகளின் விளைவாக அது உருவானது. அந்த உருவாக்கத்தை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் எட்டோஷாவே.

எட்டோஷா என்பது முதலில் ஒரு களர்நிலத்தின் பெயர். பழங்கால ஏரியொன்று வற்றிய படுகையாகிய இது சுமார் 130 கிலோமீட்டர் நீளமும், 4,800 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரப்பும் உடையது. ஆண்டின் பெரும்பகுதி உப்புப் படிந்து வெண்மையாகக் கிடந்து, நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் மட்டும் வடக்கிலிருந்து வரும் ஓடைகளின் நீரால் முழங்கால் அளவுக்கு நிரம்புகிறது. களருக்குள் புல்கூட அரிது என்றாலும், அதன் தெற்கு விளிம்பில் சுண்ணாம்புப் பாறை களிமண்ணைச் சந்திக்கும் இடங்களில் நிலத்தடி நீர் வெளியேற வழி கிடைப்பதால், வரிசையாகப் பல ஊற்றுகள் அமைந்துள்ளன. மே மாதம் தொடங்கி மழை வரும்வரை நீடிக்கும் வறட்சிக் காலத்தில் சுற்றுவட்டாரத்து வரிக்குதிரை, ஸ்பிரிங்பாக் மான், ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம் ஆகிய அனைத்தும் இந்த ஊற்றுகளைத் தேடி வந்தாக வேண்டும். இன்றைய சுற்றுலாவுக்கு அடிப்படையான இந்த எளிய உண்மைதான் அதற்கு முன் பல தலைமுறைகளாக ஒரு வேட்டைச் சமூகத்தின் வாழ்வுக்கும் அடிப்படையாக இருந்தது.

அச்சமூகம் ஹைஓம் எனப்படும் மக்கள். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் மிகத் தொன்மையான குடிகளாகக் கருதப்படும் சான் இனக்குழுக்களுள் ஒன்றாகிய இவர்கள், நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் நிறைந்த மொழியைப் பேசுகின்றனர். இவர்களுடைய பெயரின் நடுவிலும் அத்தகைய ஒலி ஒன்று உண்டு, அதைக் காட்டத் தமிழில் எழுத்து இல்லை. குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களாக வாழ்ந்த இவர்களிடையே ஒவ்வொரு குழுவுக்கும் குறிப்பிட்ட ஊற்றுகளும் அவற்றைச் சூழ்ந்த காய்கனி நிலங்களும் வேட்டைத் தடங்களும் உரியனவாக இருந்தன. பிற குழுவினர் அங்கு வேட்டையாடவோ கிழங்கு தோண்டவோ விரும்பினால் உரியவரிடம் கேட்டே செய்தனர். ஐரோப்பியர் இந்த நிலத்தை ஆளற்ற வெளி என்று வரைபடத்தில் குறித்தபோது, வேலியோ கல்லோ இல்லாத இந்த எல்லைகள் அவர்கள் கண்ணுக்குத் தென்படவில்லை.

ஹைஓம் வேடர்களின் முறை பொறுமையை மூலதனமாகக் கொண்டது. ஊற்றின் அருகே, காற்று விலங்கின் பக்கமிருந்து வரும் திசை பார்த்து, கற்களை அடுக்கிய இடுப்பளவு மறைப்பு ஒன்றின் பின்னால் அமர்ந்து, மாலையில் நீர் அருந்த வரும் விலங்குக்காக அவர்கள் காத்திருந்தனர். வில் சிறியது, அம்பின் விசையால் மட்டும் பெரிய விலங்கைக் கொல்ல இயலாது. கொல்லும் வேலையைச் செய்தது நஞ்சு. காலஹாரிப் பகுதிச் சான் மக்கள் ஒருவகை வண்டின் புழுவிலிருந்து நஞ்சு எடுக்க, ஹைஓம் மக்கள் பாலைரோஜா இனத்தைச் சேர்ந்த ஒரு புதரின் பாலைக் காய்ச்சி, கருநிறக் குழம்பாக இறுகியதும் அம்பு முனையில் பூசினர். அடிபட்ட விலங்கு உடனே விழுவதில்லை. நஞ்சு ஏறித் தளரும்வரை அதன் குளம்புத் தடத்தைப் பிற தடங்களிலிருந்து பிரித்தறிந்து பின்தொடர வேண்டும். இன்று வழிகாட்டிகள் பயணிகளுக்குச் செய்துகாட்டும் தடம் பார்க்கும் கலை இந்தத் தேவையிலிருந்து வளர்ந்தது. வேட்டையோடு அவர்கள் நின்றுவிடவுமில்லை. களரின் உப்பையும், தெற்கே ஒட்டாவி மலைப் பகுதியின் செம்புத் தாதுவையும் வடக்கே ஒவாம்போ மக்களின் ஒண்டோங்கா அரசுக்குக் கொடுத்து, தானியமும் புகையிலையும் பெற்ற வணிகத்தில் ஹைஓம் மக்களுக்குப் பங்கு இருந்தது என்பதால், வெளியுலகத் தொடர்பே இல்லாத காட்டுமக்கள் என்ற பிற்காலச் சித்திரம் வரலாற்றுக்குப் பொருந்தாது.

1851இல் ஆங்கிலேயரான ஃபிரான்சிஸ் கால்டனும் சுவீடனைச் சேர்ந்த சார்லஸ் ஜான் ஆண்டர்சனும் இந்தக் களரை அடைந்து எழுதிய குறிப்புகளைத் தொடர்ந்து, தந்தம் தேடும் வணிகர்கள் துப்பாக்கிகளோடு வந்தனர். பிற்காலத்தில் யானைகளுக்காகவே பெயர்பெற்ற எட்டோஷாவில் 1880களின் தொடக்கத்திலேயே யானை இல்லாமற் போயிற்று. அவை மீண்டும் வந்து தங்கியது 1950களில்தான். 1884இல் நிலம் ஜெர்மனியின் பாதுகாப்புப் பகுதியாயிற்று. ஆனால் எட்டோஷாவின் தலைவிதியை முதலில் தீர்மானித்தது ஆளுநர்களோ தந்த வணிகர்களோ அல்லர், ஒரு கால்நடை நோய். ஆப்பிரிக்கா முழுவதும் மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய் தெற்கு நோக்கி நகர்ந்தபோது, வடக்கிலிருந்து கால்நடை வருவதைத் தடுக்கும் காவற்கோடு ஒன்றை ஜெர்மானியர் களரின் தென்விளிம்பை ஒட்டி அமைத்து, நமுட்டோனி, ஒகௌகுவேயோ ஊற்றுகளருகே 1897இல் காவல் நிலையங்கள் நிறுவினர். அந்தக் கோடு நோயைத் தடுக்கவில்லை. கோடு மட்டும் நிலைத்துவிட்டது. பின்னாளில் சிவப்புக்கோடு என்று பெயர்பெற்ற அது, தெற்கே வெள்ளையர் பண்ணைகள், வடக்கே கறுப்பின மக்களின் ஒதுக்கிடங்கள் என்று நாட்டை இரண்டாக வகுத்தது. கால்நடை நோய்த் தடுப்பு வேலியாக இன்றும் அது இருக்கிறது. ஹைஓம் மக்களின் ஊற்றுகள் அந்தக் கோட்டின்மேலேயே அமைந்திருந்தன.

1904 ஜனவரி 28 அன்று ஒண்டோங்காவின் அரசர் நெஹாலே லியாம்பிங்கானாவின் படை நமுட்டோனிக் கோட்டையைத் தாக்கியது. உள்ளே இருந்த ஏழு ஜெர்மானியர் பகல் முழுவதும் எதிர்த்து நின்று இரவில் தப்பிச் சென்றனர். கோட்டை தகர்க்கப்பட்டுப் பின்னர் புதிதாகக் கட்டப்பட்டது. அதே மாதத்தில் தொடங்கிய ஹெரேரோ எழுச்சியை ஒடுக்க வந்த தளபதி லோதர் ஃபான் டிரோத்தா அக்டோபர் 2 அன்று பிறப்பித்த அழிப்பாணையும், அதன்பின் ஹெரேரோ, நாமா மக்கள் பாலையில் துரத்தியும் முகாம்களில் அடைத்தும் கொல்லப்பட்டதும் 20ஆம் நூற்றாண்டின் முதல் இனப்படுகொலையாக இன்று கருதப்படுகின்றன. ஜெர்மனி அதை அந்தப் பெயரால் ஏற்றது 2021இல்தான். காப்பகத்தின் பிறப்பை இந்தப் போரிலிருந்து தனியே எடுத்துப் பேசுவது வழக்கமாக இருந்தாலும், இரண்டும் ஒரே ஆண்டுகளைச் சேர்ந்தவை.

ஏனெனில், முகாம்கள் இன்னும் மூடப்படாதிருந்த 1907 மார்ச் 22 அன்றுதான் ஆளுநர் ஃபிரெடரிக் ஃபான் லிண்டெக்விஸ்ட் மூன்று வேட்டைக் காப்பகங்களை அறிவித்தார். அவற்றுள் இரண்டாம் எண் காப்பகம் எட்டோஷாக் களரையும் மேற்கே கடற்கரைவரை நீளும் காவோகோவெல்ட் என்னும் வறண்ட மலைநாட்டையும் உள்ளடக்கி, இன்றைய பூங்காவைப் போல் மும்மடங்குக்கும் மேற்பட்ட பரப்போடு, உலகின் மிகப் பெரிய காப்பகங்களுள் ஒன்றாக இருந்தது. துப்பாக்கிக்கு இரையாகி அருகிவிட்ட விலங்குகள் மீண்டும் பெருகினால் குடியேற்றத்துக்கு இறைச்சியும் வேட்டையும் வருவாயும் கிடைக்கும் என்ற பொருளாதாரக் கணக்கே இதற்குக் காரணமாக இருந்ததால், அனுமதியின்றி வேட்டையாடுவது தடுக்கப்பட்டதே தவிர, உள்ளே மக்கள் வாழ்வது குற்றமாக்கப்படவில்லை. மனிதர் இல்லாத இயற்கை என்ற கருத்து அன்று அதிகாரிகளுக்கே தோன்றியிருக்கவில்லை.

1915இல் தென்னாப்பிரிக்கப் படை ஜெர்மானியரை வென்று நிலத்தைக் கைப்பற்றிய பிறகும் இந்த நிலை நெடுங்காலம் தொடர்ந்தது. ஹைஓம் மக்கள் காப்பகத்துக்குள் வில்லம்பு கொண்டு வரிக்குதிரை போன்ற மிகுதியான விலங்குகளை வேட்டையாட விடப்பட்டனர். ஒட்டகச்சிவிங்கி, குடு மான் போன்றவையும், துப்பாக்கியும் வேட்டைநாயும் தடுக்கப்பட்டிருந்தன. வறட்சிக் காலத்தில் பாதை செப்பனிடுதல், காவல் நிலையங்களில் கூலி வேலை, மழைக் காலத்தில் மீண்டும் காடு என்று அவர்களுடைய ஆண்டு சுழன்றது. காப்பகத்தின் விலங்குகளோடு ஒருவகையாக அவர்களும் கணக்கிடப்பட்டனர் என்பதை அக்கால நிர்வாகக் குறிப்புகளின் தொனியே காட்டுகிறது. வண்டியிலிருந்து பழங்குடியைப் பார்க்கும் பழக்கமும் இந்தக் காலத்தில்தான் தொடங்குகிறது. 1925இல் அமெரிக்காவிலிருந்து வந்த டென்வர் ஆப்பிரிக்கக் குழு, மனிதகுலத்தின் தொன்மை வடிவத்தைப் பதிவு செய்வதாகக் கூறிக்கொண்டு இவ்வட்டாரத்துச் சான் மக்களைப் படம் பிடித்து உலகெங்கும் பரப்பியது; காவல் நிலையங்களுக்கு வந்த விருந்தினருக்காக ஹைஓம் மக்கள் ஆடிக்காட்டுவதும் வழக்கமாயிற்று. ஆடியவர்கள் மறுநாள் காலை சாலை வேலைக்குக் கல் உடைக்கச் சென்றது எந்தப் படத்திலும் இடம்பெறவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலைமை விரைவாக மாறியது. 1948இல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கொள்கையைக் கொண்ட கட்சி ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டே சான் மக்களைப் பாதுகாப்பதற்கான ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டு, ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வேட்டைக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற மானிடவியலாளரும், அக்காலத்தில் எட்டோஷாவின் வனவிலங்குக் காவலராகப் பணியாற்றியவருமான பி. ஜே. ஷூமான் அதன் பொறுப்பை ஏற்றார். ஒரு மக்களின் வாழ்வை நூலாக்கியவர் அவர்களுக்கு நண்பராக இருப்பார் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும் 1953இல் முடிந்த ஆணையத்தின் அறிக்கை, காலஹாரியின் சான் மக்களைத் தூய சான்கள் என்று கொண்டு அவர்களுக்குத் தனி ஒதுக்கிடம் பரிந்துரைத்ததோடு, பிற இனங்களோடு கலந்து மொழியும் பழக்கமும் மாறிவிட்ட ஹைஓம் மக்கள் அந்த வகையில் அடங்கார் என்று ஒதுக்கி, வேலைக்குத் தேவையான சில குடும்பங்கள் தவிர மற்றவரைக் காப்பகத்திலிருந்து அகற்றச் சொன்னது. பாதுகாப்பு ஆணையத்தின் கைகளாலேயே ஒரு சமூகம் தன் நிலத்தை இழந்தது. 1954இன் தொடக்கத்தில் அதிகாரிகள் அவர்களைக் கூட்டி வெளியேற உத்தரவிட்டனர். வடக்கே ஒவாம்போ நாட்டுக்குச் செல்லலாம், அல்லது தெற்கே வெள்ளையர் பண்ணைகளில் வேலை தேடிக்கொள்ளலாம். பண்ணைகளுக்கு ஆள் பற்றாக்குறை இருந்த காலம் அது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த இரண்டாவது வழி ஏன் வழங்கப்பட்டது என்பது விளங்கும். பலர் தாம் பிறந்த ஊற்றுகளிலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவிலேயே, பிறர் நிலத்தில், கூலிகளாகத் தங்கிப்போயினர்.

சுற்றுலாவின் எழுச்சி இதை அடுத்தே வந்தது என்பது தற்செயலன்று. 1950களின் பிற்பகுதியில் நமுட்டோனிக் கோட்டை பயணியர் விடுதியாகத் திறக்கப்பட்டது. ஒகௌகுவேயோவிலும் ஹலாலியிலும் விடுதிகள் எழுந்தன. காப்பகம் 1967இல் தேசியப் பூங்காவாயிற்று. இதற்கிடையே, இனந்தோறும் தனித் தாயகம் ஒதுக்க வேண்டும் என்ற ஒடெண்டால் ஆணையத்தின் 1964ஆம் ஆண்டு அறிக்கையை ஒட்டி, காவோகோலாந்து, டமராலாந்து எனத் தாயகங்கள் வெட்டியெடுக்கப்பட்டதால், பூங்கா சுருங்கி ஏறத்தாழ 22,000 சதுர கிலோமீட்டராயிற்று; 1970களில் அதைச் சுற்றி வேலியும் முடிந்தது. அதுவரை பருவத்துக்கு ஏற்ப இடம்பெயர்ந்து வந்த விலங்குக் கூட்டங்கள் உள்ளே அடைபட்டன. அவற்றுக்கு நீர் கொடுக்க ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. இன்று பயணிகள் தொடாத இயற்கை என்று வியக்கும் நீர்நிலைகளில் பல இத்தகைய குழாய்நீர்க் குட்டைகளே. பூங்காவின் நான்கு வாயில்களுக்கும் இன்று ஆண்டர்சன், கால்டன், ஃபான் லிண்டெக்விஸ்ட், அரசர் நெஹாலே ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. ஹைஓம் பெயர் எந்த வாயிலிலும் இல்லை.

வேலிக்கு வெளியே விடப்பட்ட மேற்குப் பகுதியின் வரலாறு வேறு வழியில் சென்றது. குனேனே ஆறுவரை நீளும் அந்த மலைநாட்டில், ஹெரேரோ மொழி பேசும் ஹிம்பா மக்கள் மாடு, ஆடுகளோடு வாழ்கின்றனர். வெண்ணெயையும் சிவந்த காவிக்கல் தூளையும் குழைத்து, சில வேளைகளில் நறுமணப் பிசினும் சேர்த்து, ஹிம்பா பெண்கள் உடலிலும் கூந்தலிலும் பூசிக்கொள்ளும் ஒட்ஜீஸே என்னும் பூச்சு பயணிகளின் படங்களால் உலகறிந்ததாயிற்று. ஆனால் அந்தச் சமூகத்தின் மையம் மந்தையும், முன்னோரோடு பேசுவதற்காகத் தலைவர் வீட்டின் முன் காக்கப்படும் புனித நெருப்புமே ஆகும். 1980ஐ ஒட்டிய கொடிய வறட்சியில் மந்தைகளின் பெரும்பங்கு மடிந்தது. அதே காலத்தில் வட எல்லையில் நடந்த விடுதலைப்போருக்காகத் துப்பாக்கிகள் பெருகியிருந்ததால், பாலைக்குப் பழகிய யானைகளையும் கருங்காண்டாமிருகங்களையும் படையினர், அதிகாரிகள், பசித்த உள்ளூர்வாசிகள் என எல்லாத் தரப்பினரும் சுட்டு வீழ்த்தினர்.

இங்கே காவலுக்கு வந்த யோசனை எட்டோஷாவில் நடந்ததற்கு நேர்மாறானது. பழங்குடியினரோடு மிக நெருங்கிப் பழகியதால் 1970இல் அப்பகுதியிலிருந்து அகற்றப்பட்டுப் பின் திரும்பி வந்த வனக்காவலர் கார்த் ஓவன்-ஸ்மித், ஊர்த்தலைவர்களோடு பேசி, அவர்களே தேர்ந்தெடுக்கும் ஆட்களை 1983 முதல் சமூக வனக்காவலர்களாக அமர்த்தினார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் வேட்டையில் கைதேர்ந்தவர்களும் இருந்தனர். ஊதியம் பெரும்பாலும் மக்காச்சோள மாவும் உணவுப் பொருளுமே. அவர்கள் விடை சொல்ல வேண்டியது அரசுக்கு அன்று, தம் தலைவருக்கு. மானிடவியலாளர் மார்கரெட் ஜேக்கப்சனோடு சேர்ந்து 1987இல் புரோஸ் என்னும் சிற்றூரில் அவர் தொடங்கிய ஏற்பாட்டின்படி, அவ்வழியே வரும் பயணிகளிடமிருந்து ஒரு தொகை பெறப்பட்டு ஊர்மக்களிடம் பகிரப்பட்டது. தொகை சிறிது. ஆயினும், பார்க்கப்படுபவர்களுக்கும் பார்க்கப்படும் விலங்குகளைக் காப்பவர்களுக்கும் பயணத்தின் வருவாயில் பங்கு உண்டு என்பது இந்நாட்டில் அப்போதுதான் கணக்கில் ஏறியது.

1990 மார்ச் 21 அன்று விடுதலை பெற்ற நமீபியா, 1996இல் இயற்றிய சட்டத் திருத்தத்தால் இந்த முறையைப் பொதுவாக்கியது. எல்லை, உறுப்பினர் பட்டியல், குழு, விதிமுறை, பயன்பகிர்வுத் திட்டம் ஆகியவற்றை வகுத்துப் பதிவு செய்யும் சமூகம், தன் நிலத்து விலங்குகளின் மீதும் சுற்றுலாவின் மீதும் வரையறைக்குட்பட்ட உரிமை பெறும். இத்தகைய சமூகக் காப்புநிலங்கள் இன்று எண்பதுக்கும் மேற்பட்டு, நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை உள்ளடக்குகின்றன. முதலில் பதிவானவற்றுள் ஒன்றான டோராவில் தனியார் நிறுவனமொன்றோடு சேர்ந்து நடத்தப்பட்ட விடுதி புகழ்பெற்றது. அங்கே உறுப்பினராக இருந்தவர்களுள் பலர், 1970களில் தென்னாப்பிரிக்காவின் ரீம்வாஸ்மாக் என்னும் ஊரிலிருந்து நிறவெறி அரசால் பெயர்த்து வரப்பட்ட மக்கள். சஃபாரிக் கையேடுகள் மண்ணின் மைந்தர்கள் என்று அறிமுகப்படுத்தும் சமூகங்களுக்குள்ளும் இத்தகைய இடப்பெயர்வுகள் ஒளிந்திருக்கின்றன. நிலத்தின் உடைமை இந்தச் சட்டத்திலும் அரசிடமே இருக்கிறது. மக்களுக்குக் கிடைத்தது பயன்பாடு. பெருகிய யானைகள் கிணறுகளை உடைப்பதும், சிங்கங்கள் மாடுகளை அடிப்பதும் இன்றும் தீராத வழக்குகள்.

பழங்குடிப் பண்பாட்டைக் காட்டும் தொழிலும் விடுதலைக்குப் பின் உருமாறியது. 2004இல் கிராஸ்ஹூக் என்னும் ஊரில் ஜூஹோவான்சி சான் மக்கள் தொடங்கிய வாழும் அருங்காட்சியகத்தில், மூத்தவர்கள் தோலாடை அணிந்து நெருப்புக் கடைவதையும் வில் செய்வதையும் காட்டிவிட்டு, வேலை நேரம் முடிந்ததும் அன்றாட உடைக்கு மாறி வீடு திரும்புகின்றனர். இதைப் போலி என்று முகம் சுளிக்கும் பயணிகள் உண்டு. 1930களில் காவல் நிலைய முற்றத்தில் ஆடியவர்களோடு ஒப்பிட்டால், எதைக் காட்டுவது, என்ன விலை, எப்போது நிறுத்துவது என்பவற்றைக் காட்டுபவரே முடிவு செய்யும் இந்த ஏற்பாடு குறைந்தபட்சம் ஒரு தொழிலாக இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ஹைஓம் மக்களுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் பயன்படவில்லை. அது சமூகங்கள் குடியிருக்கும் பொது நிலங்களுக்கானது. அவர்களுடைய நிலமோ தேசியப் பூங்காவுக்குள்ளும் தனியார் பண்ணைகளுக்குள்ளும் இருந்தது. 1997 ஜனவரியில் அவர்கள் பூங்காவின் வாயில்களை மறித்து நின்றபோது எழுபதுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அடுத்த பத்தாண்டின் இறுதியில் அரசு பூங்காவின் தெற்கு எல்லையை ஒட்டிய பண்ணைகளை விலைக்கு வாங்கி மறுகுடியேற்றம் தொடங்கியது. சிலர் சென்றனர், பூங்காவின் பணியாளர் குடியிருப்பில் தலைமுறைகளாகத் தங்கியிருந்த சிலர், தாம் பிறந்த இடத்திலிருந்து இரண்டாம் முறையாக அகற்றும் முயற்சி என்று சொல்லி மறுத்தனர். 2015இல் அச்சமூகத்தைச் சேர்ந்த எட்டுப் பேர், எட்டோஷா நிலத்தின் மீதும் அதன் வருவாயின் மீதும் தம் மக்களுக்குள்ள உரிமையை நிலைநாட்ட முதற்படியாக, சமூகம் முழுமைக்காகவும் வழக்காடும் அனுமதியை உயர் நீதிமன்றத்தில் கோரினர். 2019இல் அந்த அனுமதி மறுக்கப்பட்டது. 2022இல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. இரு நீதிமன்றங்களும் ஆராய்ந்தது யார் வழக்கிடலாம் என்பதையே ஆகையால், 1954இன் வெளியேற்றம் சட்டப்படி செல்லுமா என்ற கேள்வி இதுவரை எந்த நீதிபதியின் முன்னும் விசாரணைக்கு வரவில்லை.